காட்டுச் சமையலுக்கு வார்ப்பிரும்புச் சட்டி

இரும்புத் தாதுக்குப் பெயர்பெற்ற கஞ்சமலை இருப்பது நம் சேலத்தில். ஆயினும் இரும்புச் சட்டியைப் பழக்கும் விதம் வீடுகளில் மறந்து வருகிறது. அம்மாபேட்டைப் பக்கம் கடலை பிடுங்கும் நாளில் காட்டிலேயே ஆட்களுக்குச் சமைப்போருக்கு, மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி ஏற்றது. சூட்டை நெடுநேரம் வைத்திருப்பதால் விறகு மிச்சமாகும்.

புதுச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியை ஊற்றி ஓரிரவு வைக்கவும். மூன்று நாள் இப்படிச் செய்தபின் ஈரம் போகக் காயவைத்து, உள்ளும் புறமும் கடலை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை சூடேற்றி, தானாக ஆறவிடவும். மூன்று நான்கு முறை செய்தால் துருப்பிடிக்காது, அடியில் ஒட்டாது.

கொழுந்துவிட்டு எரியும் தீயில் ஏற்றக்கூடாது. வேலங்கட்டை எரிந்து தணலானதும், மூன்று கல்லை மட்டமாக வைத்து ஏற்றவும். தம் போடும்போது அடித்தணலைக் குறைத்து, மூடிமேல் தணல் பரப்பினால் அடிபிடிக்காமல் வேகும்.

முதல் சில வாரம் புளிக்குழம்பு வேண்டாம். புளி எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப் போட்ட பணம் வீணாகும். ஆறியபின் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி வைக்கவும்.

புறப்படுமுன் தணலை நீர் தெளித்து அணைக்க மறவாதீர்கள். காய்ந்த கடலைக்கொடிப் போருக்கு ஒரு பொறி போதும்.