வானத்தில் ஒரு நிலக்கடலை!

ஆடி மாதம். திண்டுக்கல் சமவெளியில் கடலை விதைக்கும் காலம். இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஊர் விளக்குகளை விட்டு விலகி, காட்டுப் பக்கம் நின்று தெற்கே பாருங்கள். தனுசு ராசி தெரியும். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், வெளிறிய மேகம் போல ஓர் ஒளி படர்ந்திருக்கும்.

அது மேகம் அல்ல. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள்! நம் சூரியனும் சேர்ந்திருக்கும் பால்வீதியின் நடு மேடு அது. லண்டன்காரர்களுக்கு இது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். திண்டுக்கல்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

பால்வீதி ஓர் ஆப்பம் போன்றது. ஓரம் மெல்லிசு, நடுவில் தடிப்பு. அந்தத் தடிப்பு இருப்பது சுமார் 26 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தில். இன்று கண்ணில் படும் வெளிச்சம் அத்தனை ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது!

உருண்டையும் போலியும்

எல்லா நட்சத்திர மண்டலங்களுக்கும் மேடு ஒரே மாதிரி இல்லை. ஒரு ரகம் உருண்டை. பக்கத்து மண்டலங்களோடு மோதி, அவற்றை விழுங்கிப் பெருத்தது. அதனுள் பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்கள். தேனீக் கூட்டம் போல நாலா பக்கமும் பாய்கின்றன.

இன்னொரு ரகம் தன் தட்டிலிருந்தே மெல்ல வளர்ந்தது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'போலி மேடு'. பாவம், அது செய்த குற்றம் ஒன்றுமில்லை! இதில் சில, தோசை நடுவே குட்டித் தோசை போலத் தட்டையானவை. அங்கே வாயு வந்து சேர்ந்து புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. மற்றவை நிலக்கடலை வடிவம்.

நம்முடையது எது?

வெகுகாலம் தெரியவில்லை. குறுக்கே புழுதி மறைத்தது. 1989-ல் அமெரிக்கா ஏவிய 'கோபி' செயற்கைக் கோள், புழுதியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிரில் படம் பிடித்தது. மேடு பெட்டி போல இருந்தது. 2010-ல் இன்னொரு துப்புக் கிடைத்தது. அங்குள்ள நட்சத்திரங்கள் கிட்டே ஒன்று, எட்ட ஒன்று என இரண்டு கூட்டமாக நின்றன. கடலையேதான்!

பால்வீதியின் நடுவில் நட்சத்திரங்கள் உலக்கை போல நீண்டு திரண்டிருக்கின்றன. அந்த உலக்கை சுழலும்போது அவை மேலும் கீழும் ஊசலாடும். இரு பக்கமும் புடைத்து, இடுப்பு ஒடுங்கிவிடும்.

பால்வீதி பரம சாது என்று சொல்லிவிட முடியாது. சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் ஒரு சிறிய மண்டலத்தை அது விழுங்கிய தடயம் 2018-ல் அகப்பட்டது. ஆனால் அதன் பிறகு அப்படிப்பட்ட பெரிய மோதல் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்திருந்தால், சூரியனும் பூமியும் இருக்கும் இந்த மெல்லிய தட்டு கலைந்து போயிருக்கும்.

கொடைக்கானல் மலையில் 1901 முதல் சூரியனை ஆராய்கிறார்கள். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டும். கடலை மேட்டைப் பார்க்க நிலா இல்லாத ஓர் இரவு போதும்.