வாழைமர நோட்டும் ஒரு பிடி அரிசியும்

ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளிலேயே இருக்கிறதா, அல்லது அதைத் தேடுகிறவரின் நிலைமையில் இருக்கிறதா? ஜப்பானியர் காலத்து மலாயாவும் சிங்கப்பூரும் இதற்குப் பதில் சொல்கின்றன.

1942-இல் ஜப்பானியர் வெளியிட்ட 10 வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தது. மக்கள் அதை வாழைமர நோட்டு என்றே அழைத்தார்கள். பழைய வெள்ளிக்கு அது சமம் என்று ஜப்பானியர் அறிவித்தனர். ஆனால், கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். பல தாள்களில் வரிசை எண்கூட இல்லை. அதே நேரத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோனது. நோட்டு பெருகியது, அரிசி அருகியது, விலை எகிறியது. கட்டுக் கட்டாகப் பணம் வைத்திருந்தவரும் மரவள்ளிக்கிழங்கைத் தேட வேண்டியதாயிற்று. வீட்டோரத்தில் நாலு மரவள்ளிக் குச்சி ஊன்றியவருக்குப் பசி தணிந்தது.

1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தனர். அதில் சேர்த்து வைத்த சேமிப்பெல்லாம் வெறும் காகிதமானது.

இன்று அதே தாளைச் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வரிசை எண் உள்ளவை குறைவு என்பதால், அவற்றுக்கு விலையும் அதிகம். அன்று பசிக்கு உண்ட மரவள்ளியோ, இன்று மாலை நேரப் பலகாரம்.

அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள், தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் கடிந்துகொள்வார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் நினைத்துவிட வேண்டாம். அரிசியின் விலை நமக்குத் தெரியும். அது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.