நார்த்தந்தோலும் பச்சை மிளகாயும்

யூசு கோஷோ என்று ஒரு ஜப்பான் சரக்கு பெருநகரக் கடைகளில் சிறு பாட்டிலில் நல்ல விலைக்குப் போகிறது. தாடிக்கொம்பில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்து வந்து, "அண்ணே, இதை நம்ம ஊரில் செய்ய முடியாதா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை நம் வணிகப் பெருமக்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

யூசு என்பது எலுமிச்சை இனத்தில் மேடுபள்ளமான தோல் கொண்ட ஒரு பழம். அதன் பச்சைத் தோலைச் சீவி, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்து ஊற வைத்தால் யூசு கோஷோ. பழுத்த தோலுக்குச் சிவப்பு மிளகாய். ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவில் இது வீட்டுப் பண்டம். சூப்பிலும் சுட்ட கோழியிலும் கடுகளவு தொட்டுக்கொள்வார்கள். கோஷோ என்றால் மிளகு. கியூஷூ மக்கள் மிளகாயையும் அப்படியே அழைத்தார்கள். போர்ச்சுக்கீசியர் வழியே மிளகாய் வந்து இறங்கியபோது நாமும் மிளகை வைத்துத்தானே அதற்குப் பெயர் சூட்டினோம்!

நம்மிடம் இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார்: வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, பண்டத்தில் கிடையாது. நார்த்தை இலை, எலுமிச்சை இலைக் கொழுந்தை நடுநரம்பு நீக்கி, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டுவது. தயிர்ச் சோற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று எத்தனை கடைகளில் இது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாக்கெட் ஊறுகாய் சரம் சரமாகத் தொங்கும் இடத்தில் இதற்கு ஓர் ஆணி கூட இல்லை.

யூசு நம் பக்கம் விளைவதில்லை, நார்த்தங்காய் போதும். முற்றிய பச்சைக் காயைக் கழுவி ஈரம் போகத் துடைக்கவும். தோலின் பச்சைப் பகுதியை மட்டும் மெல்லிசாகத் துருவ வேண்டும். மணமுள்ள எண்ணெய் அதில்தான் இருக்கிறது. கீழே உள்ள வெள்ளை கசக்கும். தோல் 100 கிராம், காம்பும் விதையும் நீக்கிய பச்சை மிளகாய் 100 கிராம், உப்பு 40 கிராம். அம்மியில் அரைத்தால் உத்தமம். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டவும்; சூடேறினால் மணம் பறந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. கண்ணாடி பாட்டிலில் அடைத்து, குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் காரம் தணிந்து மணம் கூடி வரும். உப்பைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்காகக் குறைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தோல் போன காயை எறிய வேண்டாம், உப்பு நார்த்தங்காய்க்கு ஆகும்.

இந்தக் கணக்கில் கிடைப்பது 240 கிராம். 30 கிராம் பாட்டில் என்றால் எட்டு. மிளகாயும் உப்பும் பெரிய செலவில்லை. காயும் கைவேலையும்தான் செலவு. அந்தக் கைவேலை பெரும்பாலும் நம் தெருப் பெண்களுடையது. இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கம்பெனிச் சரக்குக்கு முன்பணம் கட்டும் நாம், வீட்டில் செய்து தருபவரிடம் "விற்றால் தருகிறேன்" என்கிறோம். மூன்று மாதம் கழித்துப் பாதிப் பணத்தையும் மீதி பாட்டிலையும் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை அவர் மிளகாய் வாங்குவது எதை வைத்து? பத்து பாட்டில் எடுங்கள், ரொக்கத்துக்கு எடுங்கள். நூறு எடுத்துக் கடன் சொல்வதைவிட அது மேல்.

2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவருக்கும் பதிவு வேண்டும். லேபிளில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்பது, முகவரி, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். யூசு கலக்காத சரக்குக்கு யூசு கோஷோ என்று ஒட்டினால் தப்பு. "நார்த்தை மிளகாய் விழுது" என்றே போடலாம். பச்சை நிறம் சில வாரத்தில் மங்கும். அதற்காகச் சாயம் சேர்த்த சரக்கு வந்தால் கடைக்குள் விடாதீர்கள்.

கோடையில் எலுமிச்சை விலை ஏறும். அந்த மாதங்களில் எலுமிச்சைத் தோலை நம்பி ஆர்டர் எடுக்க வேண்டாம். வேப்பிலைக்கட்டிக்கு மழைக்குப் பின் துளிர்க்கும் கொழுந்து இலை நல்லது. நரம்பு கிழிக்க நேரமாகும் என்பதால் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.