நவச்சாரப் புகை

துருவின் கதை – 7

“பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதேய்...” என்று அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் அப்பத்தா பரண் மேல் இருக்கும் பித்தளை அண்டாவை இறக்கச் சொல்லுவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதித்து நெருப்பை ஊதிக்கொண்டிருப்பார் ஈயம் பூசுகிறவர். நாங்கள் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

பூசும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முந்தைய வேலைக்குத்தான் முக்கால் மணி நேரம். மணலும் புளியும் போட்டு அண்டாவின் உட்புறத்தைக் காலால் திருகித் திருகித் தேய்ப்பார். கழுவுவார், மறுபடி தேய்ப்பார். பிறகு நெருப்பில் வைத்துச் சூடேற்றி, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை உள்ளே தூவுவார். குபுக்கென்று கண்ணைக் கரிக்கும் வெண்புகை எழும்பும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக்கம்பியை இரண்டு இடத்தில் ஒற்றிப் பஞ்சால் ஒரு சுழற்று. மஞ்சள் அண்டா கண்ணெதிரே வெள்ளியாகிவிடும்.

ஒருமுறை அப்பத்தா, “ஈயத்தைத் தாராளமா வையப்பா, போன தடவை பூசினது ஆறு மாசத்துல போயிருச்சு” என்றார். அவர் சிரிக்காமல் சொன்னார்: “ஈயத்தைக் கூட்டி வச்சா நிக்காது ஆத்தா. அடி சுத்தமா இருந்தாத்தான் பிடிக்கும்.”

உலோகத்தின் மேல் பூசப்படும் பூச்சுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்த பிறகும், அந்த மனிதர் சொன்னதைவிட முக்கியமான ஒன்றை நான் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வெள்ளைப் பொடி நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். இரண்டாவது ஆவி, பித்தளையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஆக்சைடைத் தின்றுவிடும். வெற்று உலோகம் வெளியே வருகிற அந்த ஒரு கணத்தில், 232 டிகிரியில் உருகிவிடும் வெள்ளீயம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. முடியின் கனம்கூட இல்லாத அந்தப் படலம்தான் புளிக்குழம்பையும் செம்பையும் பிரித்து வைத்து, களிம்பு ஏறாமல் காத்தது.

இதே நவச்சாரம் இன்று கால்வனைசிங் ஆலைகளிலும் இருக்கிறது. மின்கோபுரத்துக்கான இரும்புக் கோணங்களை அமிலத்தில் ஊறவைத்துத் துருவைக் கரைத்து, கழுவி, துத்தநாக குளோரைடும் நவச்சாரமும் கலந்த கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். அதன் பிறகே சுமார் 450 டிகிரியில் உருகிக்கிடக்கும் துத்தநாகத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அமிலத்தில் சரியாக வேகாத இடம் இருந்தால், அங்கே மட்டும் துத்தநாகம் பிடிக்காமல் கறுப்புத் திட்டாக நிற்கும். ஒளித்து வைக்க முடியாது.

சென்ற வாரம் துரு என்பது இரும்பின் மேல் உருவாகும் ஒரு சின்ன பேட்டரி என்று பார்த்தோம். துத்தநாகம் அந்த பேட்டரியில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் ஆணி கீறினாலும் கீறலில் உடனே துரு ஏறாததற்கு அதுதான் காரணம். தகர டப்பாவில் நடப்பது நேர்மாறு. அங்கே இரும்பின் மேல் இருப்பது வெள்ளீயம். ஈரம் பட்ட கீறலில் இரும்புதான் தன்னைக் கொடுக்கும், அதுவும் வேகமாக.

பெயிண்ட் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது வெறும் போர்வை. அந்தப் போர்வையின் கதையைச் சொல்ல பாம்பனைவிட நல்ல இடம் இல்லை.

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நின்றது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் தென்மேற்குக் காற்று அடித்தாலும் உப்புச்சாரல் அதன் மேல்தான். உலகில் இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களைப் பட்டியலிடும்போது அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாக பாம்பனைச் சொல்வது பொறியாளர்கள் மத்தியில் வழக்கம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்பிலும் வருடக்கணக்கில் நிறுத்திவைத்துச் சோதித்ததும் இதனால்தான்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தின் கர்டர்களைக் கடலில் தள்ளியது. பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டும் நின்றதை எல்லோரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் பாலத்தை நூறாண்டு தாண்டி நிற்கவைத்தவர்கள் இன்னொரு கூட்டம். கயிற்றிலும் பலகையிலும் தொங்கிக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய், மறுபடி முதல் முனைக்கே திரும்பியவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பகுதியில் அரிமானம் கைமீறிப் போனதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 108 ஆண்டு!

போர்வைக்கு அடியில் என்ன நடக்கிறது? மார்கழியில் உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இரும்பின் மேல் படிந்த உப்பைத் துடைக்காமல் பெயிண்ட் அடித்தால், அந்த ஜாடியைப் போர்வைக்கு அடியில் வைத்து மூடியதாக அர்த்தம். எந்தப் பெயிண்டும் முழுக்க நீர் புகாதது அல்ல. மெல்ல மெல்ல ஈரம் உள்ளே கசியும். உள்ளே இருக்கும் உப்பு அதை உறிஞ்சி இழுக்கும். பெயிண்ட் அம்மைக் கொப்புளம் போல் எழும்பும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள். அது உள்ளிருந்து நெம்பி, போர்வையைப் பிய்த்து எறிந்துவிடும். விலை உயர்ந்த பெயிண்ட் என்றால் பிய்வதற்குச் சில மாதம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இதைப் பொறியாளர் உலகமே பார்த்து அதிர்ந்த ஒரு நிகழ்ச்சி மயாமிக்குத் தெற்கே, ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் நடந்தது. 1970களின் கடைசியில் அங்கே கட்டத் தொடங்கிய பாலங்களில், கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகளுக்குப் பச்சை நிற எபாக்சி பூசினார்கள். கடல் உப்பு கான்கிரீட்டைத் துளைத்து வந்தாலும் கம்பியைத் தொடாது என்பது நம்பிக்கை. 1986-ல் லாங் கீ பாலத்தின் தூண்களில் காரை வெடித்து, துரு வழிந்தது. பூசிய பிறகு கம்பியை வளைத்ததில் எபாக்சியின் பிடி தளர்ந்திருந்தது. ஏற்றி இறக்கியதில் கீறல் விழுந்திருந்தது. சூடும் ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் படலம் கம்பியை விட்டுக் கழன்றுகொண்டது. ஃபுளோரிடா நெடுஞ்சாலைத் துறை அந்தக் கம்பியைக் கைவிட்டது. ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் நம்பிய பூச்சு அது.

பூசாமலே படலம் போட்டுக்கொள்ளும் உலோகங்களும் உண்டு. எவர்சில்வரில் இருக்கும் குரோமியம், காற்றுபட்ட மாத்திரத்தில் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு தோலை வளர்த்துக்கொள்கிறது. ஒரு முடியின் கனத்துக்குள் இப்படி ஆயிரக்கணக்கான படலங்களை அடுக்கலாம். கீறினால் தானே ஆறிவிடும். 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் அந்த வகைக் கம்பியைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் எஃகுக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த முதுகெலும்பு அதற்கு இருப்பதால், சாதாரணப் பெயிண்டை வெளிறவைக்கும் வெயிலை அது தாங்கும்.

நல்ல தேர்வுகள். ஆனாலும் எனக்குக் கவலை உண்டு. டெண்டர்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயிண்ட் எந்த வகை, எத்தனை கோட், எத்தனை மைக்ரான் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். அடித்த பிறகு கருவியை வைத்துக் கனத்தை அளந்துவிடலாம். அடிப்பதற்கு முன்னால் சுரண்டினார்களா, நன்னீரில் கழுவினார்களா என்பதைப் பெயிண்ட் ஏறிய பிறகு எந்தக் கருவியும் எளிதில் சொல்லாது. கெடு நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த வேலைதான். சுரண்டுகிற கையின் கூலியை இரட்டிப்பாக்கி, பெயிண்டில் ஒரு படி இறங்கினாலும் பாலம் அதிக நாள் நிற்கும் என்றே நான் நம்புகிறேன்.

முறையாகச் செய்பவர்கள், எஃகுத் துகளைப் பீய்ச்சி அடித்து இரும்பை வெளிர்சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஒரு சிறு ஒட்டுப்பையை அதன் மேல் ஒட்டி, ஊசியால் காய்ச்சி வடித்த நீரை உள்ளே செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்தால் எஞ்சியிருக்கும் உப்பின் அளவு தெரிந்துவிடும். பாஸ் ஆனால் சில மணி நேரத்துக்குள் முதல் கோட் ஏறிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாம்பனில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தேன். ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க, அறுபது வயதிருக்கும் ஒருவர் வந்திருந்தார். காலை முழுக்கச் சுரண்டியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ரெட் ஆக்சைடு டப்பா ஓரமாக மூடியே கிடந்தது. நண்பர் அவசரப்பட்டு, “இன்னும் ஆரம்பிக்கலையா அண்ணே?” என்றார். அவர் ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்து நனைத்துக் கம்பிகளைத் துடைத்தார். காய்ந்ததும் ஒரு கம்பியின் அடியில், சட்டத்தோடு சேரும் மூலையில், சுண்டுவிரலால் தடவி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கரிக்குது தம்பி,” என்றார். “இன்னொரு குடம் கொண்டாங்க.”