வினவாத மருத்துவம்

செயற்கை நுண்ணறிவு மருத்துவத் துறையினுள் புகுந்துவிட்டது. அதனை ஏற்பதா, தள்ளுவதா என்பது இன்று நம்முன் உள்ள வினா அன்று. எவ்விடத்தில் அதன் சொல்லை மட்டும் நம்பி நோயாளியை ஒப்படைக்கலாகாது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலாவது, அதன் பயனை மறுத்தல் நேர்மையாகாது. நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் சிதைவைக் கண்ணின் ஒளிப்படத்தைக் கொண்டே அறியும் முறையைக் கூகுள் ஆய்வாளர் 2016இல் வெளியிட்டனர். அதனைப் பயிற்றுவித்த 1,28,175 படங்களுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அடங்கும். பின்னர் இவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளரிடம் அது சோதிக்கப்பட்டது. அதன் கணிப்பு மனிதரின் கணிப்புக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்ததென 2019இல் அறிவித்தனர்.

இரண்டாவது, ஆய்வில் வென்ற கருவி ஊருக்குள் வரும்போது இடறக்கூடும். இதே முறை தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைக்கப்பட்டது. அறையை இருட்டாக்க வசதியில்லாத இடங்களில் படங்கள் தெளிவாக அமையவில்லை. 1,838 படங்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டைக் கருவி தள்ளிவிட்டது. அவ்வாறு தள்ளப்பட்டோர் வேறிடத்திலுள்ள கண் மருத்துவரிடம் செல்லுமாறு கூறப்பட்டனர். வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அவ்வாறு கூறப்படின், கடலூருக்கோ புதுச்சேரிக்கோ செல்லும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் ஊதியமும் அவர் கணக்கில் விழும். கருவி அதனை அறியாது.

மூன்றாவது, கைபேசியில் விடை கூறும் கருவிகளின் இடர் இன்னும் பெரிது. உணவில் குளோரைடைத் தவிர்க்க விரும்பிய 60 வயது அமெரிக்கர் ஒருவர், சாட்ஜிபிடியிடம் கேட்டபின் சமையல் உப்புக்கு மாற்றாகச் சோடியம் புரோமைடை மூன்று மாதங்கள் உண்டார். நஞ்சேறி மனம் பேதலித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2025இல் இதனை வெளியிட்ட மருத்துவர்கள் தாமும் அவ்வினாவைக் கேட்டுப் பார்த்தனர். அவர்களுக்கும் புரோமைடு என்னும் விடை வந்தது. மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கக்கூடிய “எதற்காக?” என்னும் எதிர்வினா மட்டும் வரவில்லை.

இடரின் வேர் இதுவே. இக்கருவி தான் பயின்ற எழுத்துகளைக் கொண்டு பொருந்தக்கூடிய சொற்களை அடுக்குகிறது. நாடி பார்ப்பதில்லை, பிழையையும் உண்மையையும் ஒரே உறுதியோடு உரைக்கிறது. தன் சொல்லால் ஒருவர் கெட்டால் பொறுப்பேற்பதுமில்லை. மருத்துவ முடிவுகள் மனிதர் வசமே இருத்தல் வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வலியுறுத்தியது. பெதஸ்தாவில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவனிடம் ஆண்டவர் முதலில் வினாவே எழுப்பினார் என்பது நாம் அறிந்ததே.

ஆதலின், நோயாளரைச் சந்திக்கும் ஆயர்களாகிய நாம் செபத்தோடு மூன்று காரியங்களையும் வினவுவோமாக: எந்த மருந்தை நிறுத்தினீர்கள்? யார் சொல்லி நிறுத்தினீர்கள்? மருத்துவரிடம் அதைக் கூறினீர்களா? கைபேசியின் சொல்லே காரணமெனில், கடிந்துரையாமல், அவரோடு மருத்துவமனை வரை நடப்பதும் ஆயர் பணியே.