டல்லாஸுக்கு வடக்கே மூன்று வாசல்கள்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் மாநகரத்துக்கு வடக்கே அருகருகே அமைந்திருக்கும் பிளேனோ, ஆலன், ஃபிரிஸ்கோ என்ற மூன்று ஊர்களின் பெயர்கள், கணினி உத்தியோகம் நிமித்தமாக மகனையோ மகளையோ அந்தத் திசைக்கு அனுப்பிவைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று அந்நியமானவை அல்ல. கைக்குழந்தையோடு அங்கே குடியேறுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கவலை சாவகாசமாக வந்தால் போதும். ஆனால் பதினான்கு, பதினைந்து பிராயத்துப் பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, கம்பெனி இட்ட மாற்றல் உத்தரவின்படி சில மாதங்களுக்குள் புறப்பட வேண்டியிருக்கும் பெற்றோர், வீடு தேடுவதற்கு முன்பே பள்ளியைத் தேடியாக வேண்டும். ஏனென்றால் அந்தத் தேசத்தில் இவ்விரண்டும் ஒரே காரியம்.

நம் ஊரில் நல்ல பள்ளியில் இடம் வாங்குவது என்றால் விண்ணப்பம், நன்கொடை, சிபாரிசு என்று எத்தனையோ சங்கதிகள் உண்டு. அங்கே பெரும்பாலான பொதுப் பள்ளிகளில் சம்பளமும் இல்லை, நுழைவுப் பரீட்சையும் இல்லை, சிபாரிசுக்கு வேலையும் இல்லை. குடியிருக்கும் விலாசம் எந்த எல்லைக்குள் விழுகிறதோ, அந்த எல்லைக்குரிய பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே தீர வேண்டும். வாடகை ஒப்பந்தமும் மின்சார ரசீதுமே சிபாரிசுக் கடிதங்கள். பெற்றோரின் விசாவைச் சார்ந்து செல்லும் பிள்ளைகளுக்கு இந்த உரிமையில் குறைவேதும் இல்லை. குடியேற்ற அந்தஸ்தைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் பொதுப் பள்ளி திருப்பியனுப்பக் கூடாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்ததும் இதே டெக்ஸாஸின் டைலர் என்னும் ஊரில்தான். பெற்றோரை விட்டுத் தனியே மாணவர் விசாவில் போகிற பிள்ளையின் நிலைமை வேறு: பொதுப் பள்ளியில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் படிக்க முடியாது, அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும்.

இந்தப் பள்ளிகளை நடத்துவது மத்திய சர்க்கார் அல்ல. பெரும்பாலும் மாநில சர்க்காரும் நேரடியாக அல்ல. ஊர்வாரியாகப் பிரிந்து கிடக்கும் பள்ளி மாவட்டங்கள், வாக்காளர் தேர்ந்தெடுத்த தர்மகர்த்தாக்களைக் கொண்டு, வீட்டு வரியிலிருந்து பெருமளவு பணம் திரட்டி இவற்றைப் பராமரிக்கின்றன. மாநில வருமான வரியே இல்லாத டெக்ஸாஸில் இந்த வீட்டு வரியின் பாரம் அதிகம். வீட்டு மதிப்பு உயர்ந்த ஊருக்கு வளமான பள்ளியும், தாழ்ந்த ஊருக்கு வறண்ட பள்ளியும் வாய்ப்பது அநீதி அல்லவா என்று சான் அன்டோனியோ நகரத்துத் தொழிலாளி டெமெட்ரியோ ரோட்ரிகஸும் வேறு சில பெற்றோரும் தொடுத்த வழக்கை, 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. பின்னர் 1993-இல் மாநிலச் சட்டசபை, செல்வ மாவட்டங்களிடமிருந்து ஒரு பகுதியை வாங்கி ஏழை மாவட்டங்களுக்கு அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 'ராபின் ஹூட் சட்டம்' என்று ஜனங்கள் பெயர் சூட்டிய அந்த ஏற்பாட்டின்படி பணம் கொடுத்துவந்த மாவட்டங்களில் பிளேனோவும் ஒன்று. இத்தனைக்குப் பிறகும், பள்ளியின் கீர்த்தி வீட்டு வாடகையில் ஏறி உட்கார்ந்துகொள்வதை யாராலும் தடுக்க முடியவில்லை.

இந்தக் கீர்த்தியை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? வீடு தேடும் இணையதளங்களில் ஒவ்வொரு விலாசத்துக்கும் அருகே, பத்துக்கு இத்தனை என்று பள்ளியின் மதிப்பெண் காட்டப்படுகிறது. பரீட்சைகளிலேயே வளர்ந்த நம்மவர்கள், எட்டுக்குக் கீழே கண்டால் அந்தத் தெருவையே பார்க்க மறுத்துவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் மாணவர்களின் பரீட்சைத் தேர்ச்சியிலிருந்து பிறக்கிறது. தேர்ச்சியோ பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் நிழல்போல் தொடர்வது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1966-இல் அமெரிக்க சர்க்காருக்கு அளித்த அறிக்கை, மாணவர்களின் தேர்ச்சி வித்தியாசத்துக்குப் பள்ளியின் சாதனங்களைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்று சொல்லி அக்காலத்தில் பலரைத் திடுக்கிட வைத்தது. ஆகவே பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி என்பது, அதிகம் படித்த பெற்றோர் அதிகம் வசிக்கும் பேட்டை என்பதற்கு மேல் எவ்வளவு சொல்கிறது என்பது சந்தேகமே.

பிள்ளையின் பிராயத்தைப் பற்றிய ஒரு தகவல் இதைவிட முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். 1994 முதல் 1998 வரை பாஸ்டன், சிக்காகோ முதலான ஐந்து நகரங்களில், சர்க்கார் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறக்குறைய 4,600 ஏழைக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயரும் வசதி செய்துகொடுத்துப் பார்த்தார்கள். தில்லியில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி இரு சகாக்களோடு 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பதின்மூன்று வயதுக்கு முன் அப்படிக் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவிகிதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்மூன்றைத் தாண்டிப் பெயர்ந்தவர்களுக்கோ லாபம் எதுவும் தென்படவில்லை; சிறிது நஷ்டமே தெரிந்தது. சிக்காகோவின் ஏழைக் குடும்பத்தையும் சென்னையின் பொறியாளர் குடும்பத்தையும் ஒரே தராசில் நிறுப்பது பிசகுதான். ஆனாலும், புதிய இடம் எவ்வளவு சிரேஷ்டமானதாக இருந்தாலும், அந்தப் பிராயத்தில் இடம்பெயர்தலுக்கென்று தனியே ஒரு விலை உண்டு என்பதை இது உணர்த்துகிறது. அந்த விலையைக் குறைக்கும் பள்ளி எது என்று தேடுவதே வளர்ந்த பிள்ளையோடு போகிறவர்களின் வேலை. 'எது சிறந்த பள்ளி' என்ற கேள்வி அதற்கு உதவாது. 'என் பிள்ளை சேரும் வருஷத்தில் புதியவர்களுக்கு வாசல் திறந்திருக்கும் பள்ளி எது' என்று கேட்க வேண்டும்.

இதற்குத்தான் அந்த மூன்று ஊர்களும் நல்ல உதாரணமாகின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகள். ஃபிரிஸ்கோவில் இந்நான்கும் ஒரே கட்டடத்தில் நடைபெறுகின்றன. ஒரு பள்ளியில் ஏறக்குறைய இரண்டாயிரத்து நூறு மாணவர்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அம்மாவட்டத்தின் கொள்கை. ஊர் வளர வளரப் புதிய பள்ளி கட்டி, 2022-இல் பன்னிரண்டாவது உயர்நிலைப் பள்ளியையும் திறந்துவிட்டார்கள். பள்ளி சிறியதாயிருந்தால் வாத்தியக் குழுவிலும் விளையாட்டு அணியிலும் சாதாரணத் திறமையுள்ள பிள்ளைக்கும் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். ஆலனில் நேர்மாறு. ஊர் முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி. மாணவர் தொகை ஐயாயிரத்தைத் தாண்டும். பதினெட்டாயிரம் பேர் அமரக்கூடிய அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை 6 கோடி டாலர் செலவில் 2012-இல் கட்டி, ஒரே ஊராக ஒரே அணிக்கு ஆர்ப்பரிப்பதில் அவர்களுக்குப் பெருமை. அங்கே ஒன்பதாம் வகுப்பு மட்டும் தனிக் கட்டடத்தில் நடக்கிறது. பிளேனோவிலோ ஒன்பதும் பத்தும் ஒரு பள்ளியிலும், பதினொன்றும் பன்னிரண்டும் 'சீனியர் ஹை' என்ற வேறொரு பள்ளியிலும் நடக்கின்றன. கீழ்ப்பள்ளிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு மேல்பள்ளியை நிரப்புகின்றன.

இவற்றை வெறும் நிர்வாக வித்தியாசங்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு ஃபிரிஸ்கோவின் முதல் நாள், உடன் படிக்கப்போகும் அத்தனை பேருக்கும் முதல் நாள். பத்தாம் வகுப்பில் சேரும் பையனுக்கு அதே சௌகரியம் ஆலனில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்துவிட்டு, ஆகஸ்டு மாத நடுவில் பதினொன்றில் போய் உட்காரும் பிள்ளைக்கோ பிளேனோதான் வாசல். அந்த வருஷம் வகுப்பு முழுவதும் புதிய கட்டடத்தில் தன் அறை எது என்று தேடிக்கொண்டிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோடு உட்காருவது என்ற பிரச்சினை பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். இரண்டு வருஷமாக ஒன்றாகவே உட்கார்ந்து பழகிய கூட்டத்தின் நடுவே உணவுத் தட்டோடு நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கணிதமும் பௌதிகமும் அதற்குப் பிறகுதான்.

பள்ளியை நிச்சயித்த பின் வருவது காகிதப் பிரச்சினை. நம்மில் பலர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்களே ஒழிய, ஒன்பதாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கையை எவரும் பொருட்படுத்துவதில்லை. அங்கேயோ கல்லூரிகள் பார்க்கும் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே புறப்படும் முன், ஒன்பதாம் வகுப்பின் பாடவாரியான மதிப்பெண்களைத் தலைமையாசிரியர் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்கிக்கொள்வது அவசியம். டெக்ஸாஸில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற வழக்கமாக 26 கிரெடிட் தேவை. ஒரு வருஷப் பாடத்துக்கு ஒரு கிரெடிட். நம் பாடத்திட்டத்தில் ஒரே புத்தகமாய் இருக்கும் விஞ்ஞானத்தை உயிரியலா, ரசாயனமா, பௌதிகமா என்று எப்படிப் பிரித்துக் கிரெடிட் கொடுப்பது, அல்ஜீப்ராவையும் ஜியாமெட்ரியையும் கலந்து படித்த பிள்ளையை எந்தக் கணித வகுப்பில் உட்கார வைப்பது, தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்ணுக்கு அங்கே என்ன தரம் போடுவது ஆகியவற்றில் மாவட்டத்துக்கு மாவட்டம் பழக்கம் வேறு. படித்த பாடத்தையே மறுபடி படிக்கச் சொன்னால், கிரெடிட்டுக்கான பரீட்சை எழுதிக் காட்டி மேலே போக வழி உண்டு. அமெரிக்க வரலாறு எல்லோருக்கும் கட்டாயம்.

இவற்றைத் தீர்மானிப்பவர் 'கவுன்சலர்' எனப்படும் மாணவ ஆலோசகர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து 1959-இல் வெளியிட்ட நூலில், 250 முதல் 300 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று எழுதினார். இன்றும் பல பள்ளிகள் அந்த அளவை எட்டவில்லை. ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர் என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்; இணையதளத்து மதிப்பெண்ணைவிட அந்தப் பதில் பிரயோஜனமானது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலப் பரீட்சை வைப்பார்களே என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பொய் வேண்டியதில்லை. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு அந்தப் பரீட்சை பெரிய தடையல்ல, தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கோ அதனால் கிடைக்கும் உதவி மிகவும் தேவையானது. சேர்க்கைக்குத் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள்; அதில் சின்னம்மையும் ஹெபடைடிஸ்-ஏயும் விட்டுப்போயிருக்கின்றனவா என்று சரிபார்க்கவும்.

கீர்த்தி வாய்ந்த பள்ளியின் மறுபக்கம் கல்லூரி வாசலில் தெரியவருகிறது. டெக்ஸாஸில் 1997-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியிலும் தர வரிசையில் முதல் பத்து சதவிகிதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் மட்டும், நெரிசல் காரணமாக இந்த எல்லையைக் குறைத்துக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்கால வகுப்புக்கு ஐந்து சதவிகிதமாக்கியிருக்கிறது. எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் பள்ளியில் முதல் ஐந்து சதவிகிதத்துக்குள் வருவது எளிதல்ல. பதினொன்றில் வந்து சேரும் பிள்ளைக்கோ ஓட்டம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டிருக்கும். இதற்காகவே வேண்டுமென்று சுமாரான பள்ளியாகத் தேடிப்போகும் பெற்றோரும் உண்டு. எனக்கு அது ரசிக்கவில்லை. பிள்ளையின் இரண்டு வருஷ வாழ்க்கையை ஒரு சதவிகிதக் கணக்குக்காக வளைப்பதாகவே படுகிறது. இப்படி ஒரு கணக்கு இருப்பதை முன்னதாகவே பிள்ளையிடம் சொல்லிவைத்தால் போதும்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டின் நடுவே மாற்றல் உத்தரவு வந்தால் விஷயம் வேறு. கல்லூரி விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்திலேயே போய்விடும் நாட்டில், பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாக நுழையும் பிள்ளையை எழுதிப் பரிந்துரைக்க அவனை அறிந்த ஆசிரியரே இருக்க மாட்டார். அந்த நிலைமையில் தாயோ பாட்டியோ உடனிருக்க, பிளஸ் டூவை இங்கேயே முடிப்பது நல்லது என்பதே என் கட்சி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: உள்மாநிலத்தவருக்கும் வெளியாருக்கும் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஏறக்குறைய மும்மடங்கு வித்தியாசம் இருப்பதால், பெற்றோர் கல்லூரி தொடங்குவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே அங்கே குடியேறியிருப்பதும், அதற்கான அத்தாட்சிகளைச் சேர்த்துவைப்பதும் பெருந்தொகையை மிச்சப்படுத்தக்கூடும்.

மே மாதக் கடைசியில் பள்ளி மூடிவிட்டால், கோடையில் ஆலோசகர்களைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே ஏப்ரலிலேயே கடிதப் போக்குவரத்தை ஆரம்பித்து, வீடியோ வழியே பேசக் கிடைத்தால் பெற்றோர் சற்று ஒதுங்கி உட்கார்ந்து பிள்ளையையே பேச விடவேண்டும். வீட்டுத் தரகர் சொல்லும் பள்ளிப் பெயரை நம்பாமல், மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் விலாசத்தைக் கொடுத்துப் பார்த்த பிறகே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். புதிய பள்ளிகள் திறந்துவந்த ஃபிரிஸ்கோவிலும், மாணவர் தொகை குறைந்ததால் 2024-இல் நான்கு பள்ளிகளை மூடத் தீர்மானித்த பிளேனோவிலும் எல்லைகள் அடிக்கடி நகர்கின்றன; எல்லை மாறினால் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் உயர்நிலை மாணவர்கள் அங்கேயே தொடரலாமா என்ற கேள்விக்கும் அப்போதே எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.