வயித்து ஸ்கேன்: பயப்படாம, கவனமா எடுப்போம்



குழுக் கூட்டத்துல சேமிப்பும் கடன் கணக்கும் முடிஞ்ச பிறகு நாம அதிகமா பேசுறது வீட்டு விஷயம்தான். மகளோ மருமகளோ மாசமா இருந்தா ஒரு கேள்வி வந்திரும். "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்குக் கேடு வராதா?" மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருக்கு, அதுல கதிர்வீச்சு உண்டுன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. பயம் வரத்தான் செய்யும். ஆனா வயித்து ஸ்கேனில் அந்தக் கதிர்வீச்சு கிடையாது.

ஸ்கேன்னா என்ன?

இது வெறும் ஒலி. நம்ம காதுக்கு ஒரு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி அனுப்புற ஒலி 20 லட்சம் அதிர்வுக்கும் மேல. அது உள்ளே போய்த் திரும்பி வர்ற எதிரொலிதான் திரையில் படமாத் தெரியுது. இடையில் காற்று இருந்தா ஒலி உள்ளே போகாது. அதனாலதான் வயித்தில் ஜெல் தடவுறாங்க. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டும் அவரோடு இருந்தவங்களும் 1958-ல் இந்த முறையை வெளியிட்டாங்க. அன்று முதல் இன்று வரை, முறையா எடுத்த ஸ்கேனால் பிள்ளைக்குக் கேடு வந்ததா நிரூபணம் ஆகல.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் வேறு. அவற்றில் கதிர்வீச்சு உண்டு. மாசமா இருந்தா அங்கே முதலிலேயே சொல்லணும்.

அப்படீன்னா கவனமே வேண்டாமா?

வேணும். ஒலி படுற இடத்துல கொஞ்சம் சூடு உண்டாகும். நம்ம உடல் சூடு 37 டிகிரி செல்சியஸ். அது ஒன்றரை டிகிரி வரை கூடினா பயமில்லை. 4 டிகிரி கூடி 5 நிமிஷம் நீடிச்சா கருவுக்குக் கேடு வரலாம்னு வல்லுநர்கள் சொல்றாங்க. சாதாரண ஸ்கேன் அவ்வளவு தூரம் போகாது. ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் முறையில்தான் சூடு கூடுதல். முதல் 10 வாரத்தில் அவசியம் இல்லாம அதை உபயோகிக்கக் கூடாது. சூட்டின் அளவு திரையிலேயே எண்ணாத் தெரியும். டாக்டர் அதைப் பார்த்து, தேவையான நேரம் மட்டும் கருவியை வைப்பார்.

நாம செய்ய வேண்டியது

* டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும் எடுக்கணும். பிள்ளை முகம் பார்க்கிற ஆசைக்காக எடுக்க வேண்டாம்.
* கடும் காய்ச்சல் இருந்தா முன்கூட்டியே சொல்லணும்.
* கடைசி மாசங்களில் மல்லாந்து படுத்தா தலை சுத்தலாம். உடனே சொல்லி, இடப்பக்கம் சரிஞ்சு படுக்கணும்.
* கருவியைத் துடைச்சுச் சுத்தம் செய்தாங்களான்னு கேட்கலாம். உள்ளே வைத்துப் பார்க்கிற கருவியா இருந்தா புது உறை போடணும்.
* துணைக்கு ஒரு பெண் நிற்கணும்னு கேட்கத் தயங்க வேண்டாம்.

அங்கே வேலை பார்க்கிறவங்களுக்கு

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஸ்கேன் அறையில் உதவிக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒலியால் ஆபத்தில்லை. அது காற்றில் பரவி வராது. ஸ்கேன் எடுக்கிற டாக்டருக்கு வர்ற தொந்தரவு வேறு. நாள் முழுக்க கையை நீட்டி அழுத்துறதால தோள், கழுத்து, மணிக்கட்டு வலிக்கும். நாற்காலியும் கட்டிலும் சரியான உயரத்தில் இருக்கணும், இடையிடையே ஓய்வும் வேணும். வயர் பிய்ஞ்சிருந்தா கருவியைத் தொடாமல் உடனே சொல்லணும்.

சட்டமும் உண்டு

"ஆணா, பொண்ணா?" இந்தக் கேள்விதான் பல பெண் பிள்ளைகளின் உயிரைக் குடிச்சது. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. பதிவுச் சான்றிதழையும், பாலினம் சொல்லப்படாது என்ற பலகையையும் ஸ்கேன் சென்டரில் வெளியே தெரியிற மாதிரி வைக்கணும். சொல்ற டாக்டருக்கும், கேட்கிற வீட்டாருக்கும் 3 வருஷம் வரை சிறை கிடைக்கலாம். கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தினதாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கும். அதனால வீட்டில் வற்புறுத்தினா மகளோ மருமகளோ தனியா நிற்க வேண்டாம். குழு அவள் பக்கம் நிற்கணும்.

24 வாரத்துக்கு முன்னால் ஒரு ஸ்கேனாவது எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லியிருக்கு. வாவுபலிப் பொருட்காட்சிக்கு எப்படியும் ஒரு நாள் ஒதுக்குறோம். மாசமா இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் ஒரு நாள் ஒதுக்குவோம். அடுத்த கூட்டத்துல இதை எல்லாரும் கேட்க வாசிச்சுப் பேசுங்க.